எட்டுத் தொட்டிக்கும் ஒரே டிக்கெட்

மீன் சாகவில்லையே என்று உட்கார்ந்து அழுத ஒரு பெண்ணின் கதை இது. கேட்க விபரீதமாகத்தான் இருக்கும். ஆனால் அவள் கொசுவை அடித்தால்கூட அடுத்த நிமிடம் வருத்தப்படுகிற ரகம். மீனுக்கு என்ன தீனி போட்டால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஏறும் என்று நாலு வருடம் படித்துப் பட்டம் வாங்கியவள். அப்படிப்பட்டவள் ஏன் அழுதாள் என்று தெரிய வேண்டுமானால், அந்த வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகைக்குள் போக வேண்டும். மூக்கைக் கொஞ்சம் பொத்திக்கொண்டு வாருங்கள், பூண்டு வாசனை ஆளைத் தூக்கிவிடும்.

கொட்டகையில் இடது பக்கம் நாலு வட்டத் தொட்டி, ஒன்றிலிருந்து நாலு வரை; வலது பக்கம் நாலு வட்டத் தொட்டி, ஐந்திலிருந்து எட்டு வரை. நடுவே ஒற்றை ஆள் நடக்கிற சிமெண்ட் பாதை. எதிரே யாராவது வந்தால் இரண்டு பேரில் ஒருவர் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்க வேண்டும். தொட்டிக்கு நூறு திலேப்பியா மீன். எண்ணூறும் ஒரே குளத்தில் பிடித்தவை, அதுவும் நோய் புகுந்த குளத்தில். கண்ணைப் பிதுங்க வைத்து, பம்பரம் மாதிரி சுற்ற வைத்துச் சாகடிக்கிற நோய் அது. சுற்றுவட்டாரத்தில் குளம் வைத்திருந்த அத்தனை பேரும் மருந்து கலந்த தீவனத்தை மூட்டை மூட்டையாகக் கொட்டிப் பார்த்துவிட்டார்கள். நோய்க்கு அது பழகிப்போய், மருந்தோடு சொந்தம் கொண்டாட ஆரம்பித்துவிட்டது.

நம்முடைய ஆள் இந்த வீட்டின் மருமகள். புருஷன் கேலியாக அவளை ‘டாக்டர்’ என்று கூப்பிடுவான். பூண்டு, இஞ்சி, கொய்யா இலை மூன்றையும் நிழலில் உலர்த்தி அரைத்து, எண்ணெயில் குழைத்து, தீவனக் குருணையின் மேல் பூசிப் போட்டால் மீனின் உடம்பே நோயை எதிர்த்து நிற்கும் என்பது அவள் கட்சி. வந்த நோயை விரட்டுவதைவிட உடம்பைத் தேற்றிவிடுவது மேல் என்று சாப்பிடும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருப்பாள். அரைத்து அரைத்து வீடே பூண்டாகிவிட்டது. இஸ்திரி போட்ட சட்டை, தலையணை உறை, வாசலில் தொங்கும் சாவிக்கொத்து வரை மணந்தது. தபால்காரர் கடிதத்தைக் கையை நீட்டிக் கொடுத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நகர்வார்.

சோதனை எளிமையானது. இடது பக்கத்து நாலு தொட்டிக்கு நீல டிரம்மில் இருக்கும் பூண்டுத் தீவனம். வலது பக்கத்து நாலுக்கு வெள்ளை டிரம்மில் இருக்கும் வெறும் எண்ணெய் பூசிய தீவனம். எட்டு வாரம். எட்டாவது வாரக் கடைசியில் மீன் வளர்ப்போர் சங்கத்தின் தலைவி நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

தலைவியைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் சிரித்துப் பார்த்தவர்கள் சங்கத்தில் யாரும் இல்லை. பல்லைப் பார்த்தவர் என்றால் பல் டாக்டர் ஒருவர்தான். முதல் நாளே மருமகளை உட்காரக்கூடச் சொல்லாமல் பேசினாள்.

“ஏம்மா, உனக்கு முன்னாடியே மூணு பேர் வந்துட்டாங்க. பாட்டில், தூள், சொட்டு மருந்துன்னு. நோய் வரும், கொஞ்ச நாள் ஆடும், தானாப் போயிடும். போனதும் ‘எங்க தூள்தான் காரணம்’னு வந்து நிப்பீங்க. அது தானாப் போகலைன்னு எனக்குக் காட்டு. ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரியணும். தெரிஞ்சா சங்கத்தோட பழைய ஐஸ் ரூம் சும்மாதான் கிடக்குது, அதுலயே தீவனம் செய். சங்கமே உங்கிட்ட வாங்கும்.”

“தெரியலைன்னா?”

“நீ படிச்ச படிப்புக்கு வேற எங்கயாவது வேலை கிடைக்காமலா போகும்?”

மருமகளுக்கு வேறு எங்கும் போக இஷ்டமில்லை. அதுதான் விஷயமே. இந்தக் கொட்டகை, இந்த மோட்டார் சத்தம், மோட்டாரைவிடச் சத்தமாகக் குறட்டை விடுகிற அந்தப் புருஷன், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மாமனார், இத்தனையும் விட்டு ஒரு நாள்கூட அவளுக்கு இருக்கப் பிடிக்காது. மாமனார்மேல் இத்தனை பிரியம் வைத்த மருமகளை நானும் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் அவரைப் பார்த்தால் உங்களுக்கும் பிடித்துப்போகும்.

முப்பத்துநாலு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். இப்போதும் எல்லாரும் அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஓய்வு பெற்ற அன்று பையைத் திருப்பிக் கொடுத்தார், டிக்கெட் கட்டைத் திருப்பிக் கொடுத்தார், விசிலை மட்டும் தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வாழ்நாளில் அவர் எழுத்தில் சொன்ன ஒரே பொய் அதுதான். அந்த விசில் இப்போது மீன்களுக்குப் பயன்பட்டது. மருமகள் பின்னறையில் அரவை இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், காலை ஏழு, பகல் பன்னிரண்டு, மாலை ஐந்து என்று மூன்று வேளையும் தீனி போடுவது அவர் பொறுப்பு. கொட்டகை வாசலில் நின்று இரண்டு விசில். அவ்வளவுதான், எண்ணூறு வாயும் மேலே வந்துவிடும்.

“உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல இவ்ளோ இடம் இருக்குல்ல? எல்லாரும் ஓரத்துலயே நின்னா எப்படி? பின்னாடி வர்றவங்களுக்கு வழி விடுங்கப்பா!”

மீன்கள் உள்ளே போனதோ இல்லையோ, அவருக்குத் திருப்தி. செத்துப்போச்சு என்ற வார்த்தை அவர் வாயில் வராது. “ஆறாம் நம்பர்ல ரெண்டு பேர் இறங்கிட்டாங்கம்மா” என்பார். மகன் வெளியூர் வேலைக்குப் போய் மூன்று வருடம் இருந்ததையும் “அவன் இறங்கிட்டு மறுபடி ஏறினான்” என்றுதான் சொல்வார். ஆறு வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்த மனைவியைப் பற்றிப் பேச்சு வந்தால், “உங்க அத்தை பாதி வழியில இறங்கிட்டா” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அப்போது மட்டும் மருமகள் வேறு பேச்சை எடுப்பாள்.

அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டும் காதில் ஒரு பென்சிலும் இருக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று டிரிப் ஷீட் எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? என்னத்தையோ எழுதிக்கொண்டே இருப்பார். என்ன எழுதுகிறீர்கள் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. நாமும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம்.

முதல் பத்துப் பன்னிரண்டு நாள் இரண்டு பக்கமும் இறங்கினார்கள். பன்னிரண்டாம் நாளோடு இடது பக்கம் சட்டென்று நின்றுவிட்டது. பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து, ஒரு மீன்கூட இல்லை. வலது பக்கத்தில் தினமும் மூன்றும் நான்குமாக மிதந்தன. மருமகள் தலைகால் புரியாமல் சல்லடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சிமெண்ட் பாதையில் ஆடினாள். எதிரே வந்த புருஷன் வயிற்றை எக்கிக்கொண்டு வழி விட்டான்.

“டாக்டருக்குப் பைத்தியம் பிடிச்சா யாருக்கிட்ட காட்டறது?” என்றான்.

“நீங்க வாயை மூடிக்கிட்டு மோட்டாரைப் பாருங்க. நாம ஜெயிச்சுட்டோம்!”

ஜெயித்துவிட்டோம் என்று பாதியில் சொல்லக் கூடாது. நாலாவது வாரத்திலிருந்து விசித்திரங்கள் ஆரம்பித்தன.

முதல் விசித்திரம், நீல டிரம் வேகமாகக் காலியானது. இரண்டு வாரத்துக்கு அரைத்து வைத்தது பத்து நாளில் தீர்ந்தது, அடுத்த முறை எட்டே நாளில் தீர்ந்தது. வெள்ளை டிரம்மோ கணக்குத் தப்பாமல் குறைந்துகொண்டிருந்தது.

“எலிதான். பூண்டு ருசி கண்ட எலி. ஏன் மாமா, எலியாத்தானே இருக்கும்?” என்று மருமகள் கேட்டாள்.

கண்டக்டர் கொட்டகையின் கூரையை ஆராய்ந்தார். “இருக்கலாம்மா. எலி இல்லாத ஊரு ஏது?”

மறுநாளே புருஷன் ஒரு சாம்பல் நிறப் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தான். மீன் கொட்டகைக்குப் பூனையைக் காவல் வைத்த குடும்பம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். ‘வாட்ச்மேன்’ என்று அதற்குப் பேரும் வைத்தார்கள். வாட்ச்மேன் ஒரு எலியைக்கூடப் பிடிக்கவில்லை, பிடிக்க எலியும் இல்லை. மூன்றாம் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, நகைக்கடை வாசலில் நிற்பவர்களைப் போல நாளெல்லாம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது விசித்திரம், பக்கத்து வீட்டு வாத்துகள். ஒன்பது வாத்தும் காலையில் கண்டக்டரின் பின்னால் வரிசையாக வாய்க்கால் வரை போகும், வரும். மாமாவுக்கு எல்லாரையும் பிடிக்கும், எல்லாருக்கும் மாமாவைப் பிடிக்கும் என்று மருமகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாத்துகள் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போனதையும் கவனிக்கவில்லை.

மூன்றாவது விசித்திரம்தான் மோசமானது. வலது பக்கத்துத் தொட்டிகளில் மீன்கள் சாவது குறைந்தது. ஐந்தாவது வாரத்தில் குறைந்தது, ஆறாவது வாரத்தில் இன்னும் குறைந்தது, நாற்பத்தாறாம் நாளோடு அடியோடு நின்றே போனது. வெறும் எண்ணெயைத் தின்றுவிட்டு அதுகள் கொழுகொழுவென்று துள்ளின.

இதற்கிடையில், இருபத்தெட்டாம் நாள், மருமகளுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு பெரிய ஆய்வுக்கூடம். வேலை தயார், தங்க அறை தயார், தலைவி வருகிற நாளுக்கு மறுநாளுக்குள் பதில் வேண்டும். அவளும் புருஷனும் மட்டும் பேசி முடிவெடுத்தார்கள். ஐஸ் ரூம் கிடைத்தால் இருப்பது, கிடைக்காவிட்டால் போவது, மாதம் இரண்டு முறை வந்து பார்ப்பது. அப்பாவிடம் இதைச் சொல்ல இருவருக்குமே வாய் வரவில்லை. கடிதத்தை மருமகள் தன் சாவுப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் செருகி வைத்தாள். எந்தத் தொட்டியில், எந்த நாளில், எத்தனை மீன் செத்தது என்று தினமும் எழுதுகிற பெரிய நோட்டு அது.

ஐம்பதாம் நாள். நோட்டைத் திறந்து வலது பக்கத்து நாலு தொட்டிக்கும் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று எழுதினாள். அப்படியே ஆறாம் தொட்டிக்கும் ஏழாம் தொட்டிக்கும் நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்து அழுதாள். மூக்கு சிவக்க, தோள் குலுங்க அழுதாள். தீனி போட வந்த கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து நின்று, நோட்டில் இருந்த நாலு பூஜ்யத்தையும் எட்டிப் பார்த்து, தோளில் கிடந்த துண்டால் தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அழும்மா, நல்லா அழு. எனக்கும் அப்படித்தான் இருக்கு” என்றார்.

மாமாவுக்குக் கடித விஷயம் எப்படியோ புரிந்துவிட்டது போல என்று அவள் இன்னும் கொஞ்சம் அழுதாள். அவரோ, ஒரு மீன்கூட இறங்கவில்லை என்ற ஆனந்தக் கண்ணீர் இது என்று நினைத்துச் சந்தோஷமாகப் போய் இரண்டு விசில் ஊதினார்.

“உலகத்துலயே மீன் பிழைச்சிடுச்சேன்னு அழற ஒரே டாக்டர் நீதான்” என்றான் புருஷன், சாப்பிடும்போது.

“தானாப் போயிடுச்சுங்க. தலைவி சொன்னதேதான். என்னோட தூள் இல்லாமலே போயிடுச்சு.”

அவன் தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

ஐம்பத்தாறாம் நாள் காலை பத்து மணிக்குத் தலைவி வந்தாள். கையில் ஒரு கறுப்புப் பை, முகத்தில் வழக்கமான கடுகடுப்பு. பூண்டு வாசனைக்கு மூக்கைக்கூடச் சுருக்கவில்லை. கண்டக்டர் தேய்த்த சட்டையும் பாலிஷ் போட்ட செருப்புமாக, பரிசோதகர் பஸ்ஸில் ஏறிவிட்ட மாதிரி விறைப்பாக நின்றார்.

முதலில் வலைச் சோதனை. தொட்டிக்குப் பத்து மீனை வலையில் அள்ளி, ஒரு நிமிடம் காற்றில் பிடித்து, திரும்பவும் தண்ணீரில் விட வேண்டும். உடம்பில் சக்தி இல்லாத மீன் மல்லாந்துவிடும். இடது பக்கத்து மீன்கள் விட்ட வேகத்தில் அம்பாகப் பாய்ந்தன. ஒரு நொடி மருமகளுக்கு உயிர் வந்தது. வலது பக்கத்து மீன்களும் விட்ட வேகத்தில் அம்பாகப் பாய்ந்தன. எட்டாம் தொட்டியில் ஒன்று தலைவியின் மூக்குக்கண்ணாடிமேல் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனது.

தலைவி கண்ணாடியைத் துடைத்தாள். “எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு. நான் சொன்னேன்ல? தானாப் போச்சு.”

மருமகளின் முகத்தில் ஈயாடவில்லை. புருஷன் மோட்டாரைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டான். நிலவரம் புரியாதவர் கண்டக்டர் ஒருவர்தான். நம்ம ஆட்களைப் பற்றி நல்லபடியாகச் சொல்கிறார்கள் என்று அவருக்கு உற்சாகம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“இதென்ன மேடம், அவங்க சாப்பிடற அழகை நீங்க பாக்கணும்!” என்று விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார்.

எட்டுத் தொட்டியிலும் தண்ணீர் கொதித்தது. எண்ணூறு பேர் ஏறி, இறங்கியவர்கள் போக மிச்சம் இருந்த அத்தனை பேரும் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தார்கள். தலைவி யாரையும் கேட்காமல் வெள்ளை டிரம்மைத் திறந்து, ஒரு கை அள்ளி, ஆறாம் தொட்டியில் வீசினாள்.

மீன்கள் பாய்ந்து கவ்வின. கவ்வியதும் துப்பின. ஒன்று, இரண்டு இல்லை, தொட்டி முழுக்க ‘த்தூ, த்தூ’ என்று குருணைகளைத் துப்பிவிட்டு, வேறு நல்லது இல்லையா என்பது போல் மறுபடி வாயைப் பிளந்தன. தலைவி ஏழாம் தொட்டியில் வீசினாள். அங்கேயும் த்தூ.

அந்தச் சமயத்தில்தான் விசில் சத்தம் கேட்டு ஒன்பது வாத்துகளும் கொட்டகைக்குள் ஓடி வந்தன. ஒற்றை ஆள் பாதையில் ஒன்பது பருத்த வாத்துகள். வாட்ச்மேன் மூன்றாம் தொட்டியிலிருந்து எகிறிக் குதித்து வெள்ளை டிரம்மின் விளிம்பில் காலை வைக்க, டிரம் கவிழ, தீவனம் பாதை முழுக்கக் கொட்ட, வாத்துகள் தலைவியின் காலைச் சுற்றி நின்று விருந்து சாப்பிட ஆரம்பித்தன. அதுகள் ஒன்றும் துப்பவில்லை. தினமும் அதைத் தின்றே பழகியவை என்பது கத்தலிலேயே தெரிந்தது.

தலைவி வாத்துகளைப் பார்த்தாள். குனிந்து ஆறாம் தொட்டித் தண்ணீரில் விரலை விட்டு முகர்ந்தாள்.

“ஏம்மா, இது வெறும் தீவனம் தின்னு வளந்த மீனா?”

மருமகள் மெல்ல மாமனார் பக்கம் திரும்பினாள். அவர் திருதிருவென விழித்துக்கொண்டு நின்றார். வாயில் இருந்த விசில் தானாக ஒரு முறை மெலிதாக ‘பீ’ என்றது.

“மாமா.”

“ம்.”

“இந்தப் பக்கத்துக்கு எந்த டிரம்லேர்ந்து போட்டீங்க?”

“நீலம்மா.”

“எல்லாத் தொட்டிக்குமா?”

“பாரபட்சம் பண்ணலம்மா.”

புருஷன் தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு தொட்டி விளிம்பில் உட்கார்ந்தான். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். அவர் குரல் தப்பு செய்தவர் குரலாக இல்லை.

“ஒரே குளத்து ஆளுங்கம்மா. ஒரே பஸ்ல ஏறினவங்க. இந்தப் பக்கம் உக்காந்தவங்களுக்குப் பூண்டும் இஞ்சியும், அந்தப் பக்கம் உக்காந்தவங்களுக்கு வெறும் எண்ணெயா? முப்பத்துநாலு வருஷத்துல நான் யாரையும் அப்படி நடத்தினதில்ல. ஆறாம் நம்பர்ல ஒருத்தன், ஒரு கண்ணு பிதுங்கிப்போயி, இன்னொரு கண்ணால என்னையே பாத்துக்கிட்டிருந்தான். எனக்கு மட்டும் டிக்கெட் இல்லையான்னு கேக்கற மாதிரியே இருந்துச்சு. மனசு கேக்கல. வெள்ளை டிரம் தீவனத்தை வீணாக்கக் கூடாதுன்னு வாத்துக்குப் போட்டுட்டேன்.”

மருமகளுக்குச் சிரிப்பதா, கத்துவதா, அந்த டிரம்மை எடுத்துத் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஆனால் படித்த படிப்பு அவளைப் பொய் சொல்ல விடாது. தலைவியைப் பார்த்து நேராகச் சொன்னாள்.

“மேடம், சோதனை கெட்டுப்போச்சு. வலது பக்கமும் அதே தீவனத்தைத்தான் தின்னிருக்கு. ஒப்பிட்டுப் பாக்க எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. உங்க நேரத்தை வீணாக்கிட்டேன், மன்னிச்சுக்குங்க.”

தலைவி அவளை விட்டுவிட்டுக் கண்டக்டரைப் பிடித்தாள். “எப்பலேர்ந்து போட்டீங்க?”

“எழுதி வெச்சிருக்கேன் மேடம்.”

சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்ன நோட்டு வெளியே வந்தது. ஆமாம், மறைத்துச் செய்த வேலையைத்தான், மணி, தொட்டி எண், எத்தனை கை தீனி என்று ஒரு வேளை விடாமல் எழுதி வைத்திருந்தார். களவாணித்தனத்துக்கு இவ்வளவு சுத்தமாகப் பதிவேடு வைத்தவர் உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. எழுதாமல் விட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

தலைவி நோட்டைப் புரட்டினாள். புருவம் மேலே போனது.

“ஆறாம் தொட்டி. நீலம் ஆரம்பிச்சது இருபத்திரெண்டாம் நாள்.” பிறகு மருமகளிடம், “உன் நோட்டை எடு. ஆறாம் தொட்டியில கடைசி மீன் என்னிக்குச் செத்தது?”

மருமகள் பக்கங்களைத் தள்ளினாள். “முப்பத்துமூணாம் நாள்.”

“பதினொரு நாள். அஞ்சாம் தொட்டி ஆரம்பிச்சது இருபத்தாறாம் நாள்.”

“கடைசி மீன் முப்பத்தேழாம் நாள்.”

“பதினொண்ணு. எட்டாம் தொட்டி, முப்பதாம் நாள்.”

“நாப்பது!” மருமகளின் குரல் ஏறியது.

“பத்து. ஏழாம் தொட்டி, முப்பத்துநாலு.”

“நாப்பத்தாறு! பன்னெண்டு நாள்! மேடம், இடது பக்கம் முதல் நாள் ஆரம்பிச்சோம், பன்னெண்டாம் நாளோட நின்னுச்சு! அங்கயும் பதினொண்ணுதான்!”

அவளுக்கே தெரியாமல் குதித்துக்கொண்டிருந்தாள். வாத்துகள் பயந்து வழி விட்டன. இத்தனை நாளும் தொட்டிவாரியாகச் சாவு எழுதியவளுக்கு, ஒவ்வொன்றும் ஏன் ஒவ்வொரு நாளில் நின்றது என்பது மட்டும் விளங்காமல் இருந்தது. மிச்சப் பாதி மாமாவின் சட்டைப் பையில் இருந்திருக்கிறது.

தலைவி இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். “தானாப் போற நோய்னா நாலு தொட்டியிலயும் ஒண்ணாப் போயிருக்கணும். இது என்ன, இந்த மனுஷன் எந்தத் தொட்டிக்கு எப்ப நீலம் போட்டாரோ அதுலேர்ந்து நாள் எண்ணிக்கிட்டுக் கிளம்பிப் போயிருக்கு.”

அவள் இன்னொரு பக்கத்தைப் புரட்டினாள். ‘ஸ்டாண்டிங்: வாத்து ஒன்பது. வெள்ளை டிரம்’ என்று எழுதியிருந்தது. தலைவியின் உதடு துடித்தது. கன்னம் துடித்தது. பிறகு அந்தக் கொட்டகையில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. அவள் சிரித்தாள். தொட்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, பல் டாக்டர் மட்டுமே பார்த்த அத்தனை பல்லும் தெரியச் சிரித்தாள்.

சிரித்து முடித்துக் கறுப்புப் பையிலிருந்து ஒரு பெரிய சாவியை எடுத்தாள். “ஐஸ் ரூம் சாவி. குடுக்கிற எண்ணமே இல்லாமத்தான் எடுத்துட்டு வந்தேன். அடுத்து என்னோட ரெண்டு குளத்துல செஞ்சு காட்டு. ஒரே ஒரு நிபந்தனை. வெறும் தீவனம் போடற குளத்துப் பக்கம் இவர் வரக் கூடாது.”

“அந்தக் குளத்து ஆளுங்க பாவம் இல்லையா மேடம்...” என்று ஆரம்பித்தார் கண்டக்டர்.

“மாமா!” “அப்பா!” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

தலைவி வாத்துகளைத் தாண்டித் தாண்டி நடந்து போன பிறகு மருமகள் அந்தச் சின்ன நோட்டைக் கையில் எடுத்தாள். மற்றவர்களுக்குக் கிடைக்காத பொக்கிஷம் மாதிரி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். இருபத்திரெண்டாம் நாள், ஆறாம் தொட்டி, ‘பாவம்’ என்று இருந்தது. இருபத்தாறாம் நாள், ஐந்தாம் தொட்டி, அங்கேயும் ‘பாவம்’. இருபத்தெட்டாம் நாளுக்கு வந்தவள் நின்றுவிட்டாள்.

‘மருமகளுக்குக் கடிதம். ஆறு மணி நேர தூரம். இறங்கும் தேதி:’ என்று எழுதி, அதற்குமேல் எழுதாமல் இடம் விட்டிருந்தது. அப்புறம் முப்பதாம் நாள், எட்டாம் தொட்டி. முப்பத்துநாலாம் நாள், ஏழாம் தொட்டி. இந்த இரண்டுக்கும் நேரே ‘பாவம்’ இல்லை. ‘மருமகளுக்காக’ என்று இருந்தது.

“மாமா, கடிதத்தைப் பாத்தீங்களா?”

கண்டக்டர் மறுபடி கூரையை ஆராய்ந்தார். “உன் நோட்டுலேர்ந்து விழுந்துச்சும்மா. படிக்கணும்னு எடுக்கல. எடுத்தேன், படிச்சுட்டேன்.”

“அதுக்கும் எட்டாம் தொட்டிக்கும் என்ன சம்பந்தம்?”

“எனக்கு உங்க சோதனையெல்லாம் என்ன தெரியும்? எவ்ளோ மீன் பிழைக்குதோ அவ்ளோ உனக்கு நல்லதுன்னு நினைச்சேன். எல்லாரும் பிழைச்சுட்டா ஐஸ் ரூம் கிடைச்சுடும், நீ போக வேண்டியதில்லைன்னு. ஏற்கெனவே இந்த வீட்ல ஒருத்தி இறங்கிட்டா...” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்த முறை மருமகள் வேறு பேச்சை எடுக்கவில்லை. அழுதாள். மூக்கு சிவக்க, தோள் குலுங்க, போன வாரம் அழுத அதே இடத்தில் அழுதாள். புருஷன் கேலியை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கண்டக்டர் திரும்பிப் பார்த்து, இது ஆனந்தக் கண்ணீர்தானே என்று கண்ணாலேயே கேட்டார். ஆமாம் மாமா என்று அவள் தலையாட்டினாள்.

அப்புறம் நோட்டை இருபத்தெட்டாம் நாள் பக்கத்தில் திறந்து அவரிடமே நீட்டினாள். “இதை இப்படிப் பாதியில விட்டா சாப்பாடு இறங்குமா உங்களுக்கு? எழுதி முடிங்க.”

அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். நுனியை நாக்கில் தொட்டு, விட்ட இடத்தில், முப்பத்துநாலு வருடம் எழுதிய அதே குண்டு குண்டு எழுத்தில், அழுத்தி எழுதினார்: இறங்கவில்லை.

எழுதிவிட்டு விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார். எட்டுத் தொட்டியிலும் எல்லாரும் மேலே வந்தார்கள்.